இடையர்கள் போகிறார்கள், மலை இருண்டு கிடக்கிறது

ஸ்பெயினின் வடக்கு மலைநாட்டில் ஒரு பாட்டு உண்டு. ‘யா செ வான் லோஸ் பஸ்தோரெஸ்’ என்று தொடங்கும். இடையர்கள் தெற்கே எக்ஸ்த்ரெமதூராவுக்குக் கிளம்பிவிட்டார்கள், மலை துயரத்தோடு இருண்டு கிடக்கிறது என்று முதல் இரண்டு வரி. இடையர்கள் போகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள், இளம்பெண்கள் நாலைந்து பேர் அழுதுகொண்டு நிற்கிறார்கள் என்று அடுத்த இரண்டு. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை பாடுவார்கள். ஊருக்கு ஊர் வேறு சில வரிகள் ஒட்டிக்கொள்ளும், ஆனால் எங்கே போனாலும் இந்த நான்கும் இருக்கும். போனவர் யார், அழுதவள் யார் என்று பாட்டு சொல்வதில்லை. சோரியா மாகாணத்துக்காரர்கள் எங்கள் பாட்டு என்பார்கள். செகோவியா, லெயோன் மாகாணங்களிலும் அதையேதான் சொல்வார்கள்.

நான் மாட்ரிட்டுக்கு வேலைக்கு வந்தவள். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கலாசார மையத்தில் ஒரு பாடகர் குழு இருக்கிறது. மொழி பழகட்டும் என்றுதான் சேர்ந்தேன். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். ஓர் இலையுதிர்காலத்தில் இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். குழு நடத்துபவர் அதை மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, தேவாலயத்தில் பாடுவது போல எடுத்தார். என் பக்கத்தில் நிற்கும் எண்பது வயது தாண்டிய அம்மா கையை உயர்த்தி, “இவ்வளவு மெதுவாகப் பாடக்கூடாது. எங்கள் ஊரில் இதைத் துணி துவைக்கும்போது பாடுவோம். இந்த வேகத்தில் துவைத்தால் தண்ணீர் உறைந்துவிடும்” என்றார்.

அவர் சோரியா மாகாணத்தின் வடக்கு மேட்டுநிலத்தில், தியெர்ராஸ் ஆல்தாஸ் என்று சொல்லும் பகுதியில் பிறந்தவர். அவருடைய அப்பா ஆடு ஓட்டிக்கொண்டு எக்ஸ்த்ரெமதூராவுக்குப் போனவர். அவரைச் சோரியா அம்மா என்றே இங்கே சொல்கிறேன். இந்தப் பாட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி புத்தகத்தில் படித்தது, மீதி ஒத்திகை முடிந்து அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தபோது கேட்டது.

இடையர்கள் ஏன் போனார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோரியா மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. நவம்பரில் பனி விழ ஆரம்பித்தால் புல் கிடையாது. தெற்கே, போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய எக்ஸ்த்ரெமதூராவில் இதற்கு நேர்மாறு. கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும், இலையுதிர்கால மழை பெய்ததும் ஓக் மரங்களுக்கு அடியில் பச்சை பிடிக்கும். அதனால் ஆடு குளிர்காலத்துக்குத் தெற்கே போக வேண்டும், மே கடைசியிலோ ஜூனிலோ மலைக்குத் திரும்ப வேண்டும். மூன்று, நான்கு வாரம் நடை. ஆடு மேய்ந்துகொண்டேதான் போகும், அவசரப்படுத்த முடியாது.

இது ஏதோ நாலு ஏழைகள் செய்த பிழைப்பு இல்லை. அரசின் கஜானாவை நிரப்பிய தொழில். 1273-ல் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர் ஆட்டு உரிமையாளர்களின் சங்கமான மெஸ்தாவுக்கு அங்கீகாரம் கொடுத்தார். மெரினோ ஆட்டின் கம்பளி இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃப்ளாண்டர்ஸ் வரை கப்பலேறியது. ஆடு போகும் பாதைகளை யாரும் உழக்கூடாது, வேலி போடக்கூடாது என்று சட்டம் இருந்தது. பெரிய பாதைக்கு, வாரா என்ற பழைய ஸ்பானிய அளவில், 90 வாரா அகலம், இன்றைய கணக்கில் 75 மீட்டர். 1836-ல் மெஸ்தா கலைக்கப்பட்டது. பாதைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன, 1995-ல் அவற்றைக் காக்க ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள்.

இத்தனை நூற்றாண்டு வரலாற்றில் மன்னர் பேசியிருக்கிறார், கம்பளி வியாபாரிகள் பேசியிருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் கட்டுக்கட்டாக எழுதியிருக்கிறார்கள். ஆள் போனபின் வீட்டில் என்ன ஆனது என்று சொல்வது இந்த நான்கு வரிப் பாட்டுதான். எனக்கு இதன்மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆடுகளின் சொந்தக்காரர் நடப்பதில்லை. நடந்தவர்கள் கூலிக்கு இருந்தவர்கள். மேலே மயோரால் என்று ஒரு தலைமை இடையர், அவருக்குக் கீழே படிப்படியாக ஆட்கள், கடைசியில் சகால் என்கிற எடுபிடிப் பையன். பத்துப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு எடுத்து அனுப்பிவிடுவார்கள். கூலியின் ஒரு பகுதியாக, முதலாளியின் மந்தைக்குள்ளேயே தன் சொந்த ஆடுகள் சிலவற்றைச் சேர்த்து மேய்த்துக்கொள்ளும் உரிமை உண்டு. அந்தச் சில ஆடுகளை நம்பித்தான் கல்யாணம், வீடு, எல்லாம்.

சோரியா அம்மாவின் அப்பா காலத்தில் நடை குறைந்துவிட்டது. ஆடுகளைச் சோரியாவில் ரயிலேற்றித் தெற்கே இறக்குவார்கள். “நடந்து போனாலும் ரயிலில் போனாலும் எங்களுக்கு என்ன வித்தியாசம்? அக்டோபரில் போனார், ஜூனில் வந்தார்” என்றார் அவர்.

அவர் பிறந்தது மார்ச் மாதத்தில். அவர் வகுப்பில் இருந்த பிள்ளைகள் பலர் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் பிறந்தவர்களாம். அப்பாக்கள் கோடையில் வந்துபோன ஊர் என்றால் வேறு எப்படி இருக்கும். அப்பா முதன்முதலாகப் பார்க்கும்போது அவருக்கு மூன்று மாதம். அவருடைய அண்ணனுக்கு அப்பாவைப் பார்த்து ஒவ்வொரு ஜூனிலும் சில நாள் பயம் இருக்குமாம். மாதாகோவில் மணிக்கூண்டுப் பக்கம் ஓடி ஒளிந்துகொள்வாராம். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார், அப்பாவும் கூப்பிடமாட்டார். இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும்.

ஆண்கள் இல்லாத ஏழு மாதத்தில் ஊரை நடத்தியது பெண்களும் கிழவர்களும். விறகு வெட்டுவது, பனியை வாரித் தள்ளி வாசலுக்கு வழி எடுப்பது, சேர்ந்து ரொட்டி சுடுவது எல்லாம். நவம்பர், டிசம்பரில் பன்றி அறுத்து ஆண்டு முழுவதற்கும் உப்புக்கண்டமும் தொத்திறைச்சியும் போட்டுவைப்பார்கள். மற்ற ஊர்களில் ஆண்கள் கத்தி பிடிக்கிற நாள் அது. இவர்கள் ஊரில் பாட்டிகள் கத்தி பிடித்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. துக்கம் இல்லை. துக்கம் எப்போது என்று நானே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “ஆறு மணிக்கு” என்றார். வேலை முடிந்து கதவைச் சாத்திய பிறகு, தூங்கப் போகும் முன்னால் ஒரு நீளமான நேரம் இருக்கும். மலை இருட்டு என்று பாட்டில் வருவது அந்த இருட்டுதான் என்றார். நவம்பரில் நான் ஒரு தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். ஆறு மணிக்கெல்லாம் சாலை தெரியவில்லை.

அவருடைய சொந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னது வெகு நாள் கழித்து. இங்கே எழுதலாமா என்று கேட்டேன், பேர் போடாமல் எழுது என்றார்.

பக்கத்து ஊர்ப் பையன், அப்பாவின் மந்தையில் சகாலாகச் சேர்ந்து பிறகு இடையனாக ஆனவன். ஆகஸ்ட் திருவிழாவில் ஆடும்போது பழக்கம். அவனே மரத்தில் செதுக்கி, ஓரத்தில் நட்சத்திரமும் பூவும் கீறி, ஒரு ஜோடி காஸ்தனேத்தா செய்து கொடுத்தானாம். ஆடும்போது விரலில் மாட்டித் தட்டுகிற தாளக்கட்டை அது. அந்த அக்டோபரில் ஆட்டோடு போனான், ஜூனில் வந்தான். அடுத்த அக்டோபரில் போனான். ஜூனில் அப்பா மட்டும் வந்தார். சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல், அவன் அங்கே ஒரு பண்ணையில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று சொன்னார். அம்மா அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினார். பேச்சு அதோடு முடிந்தது. பிறகு அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான் என்று தெரியவந்தது. கடிதம் எதுவும் இல்லை, அவனுக்கு எழுத வராது.

“அவன் ஏமாற்றவில்லை மகளே. அங்கே குளிர்காலத்திலும் புல் இருக்கிறது” என்றார்.

பிறகு ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு மாட்ரிட் வந்துவிட்டார். கணவருக்கு எல்லாம் தெரியுமாம். கிறிஸ்துமஸ் இரவில் பாட்டு எடுக்கும்போது அந்தக் காஸ்தனேத்தாவை எடுத்து வாசித்தது கணவர்தான். “அவருக்கு நன்றாக வாசிக்க வரும், எனக்கு அவ்வளவு வராது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து குறுந்தொகையின் 221-ஆம் பாட்டைத் தேடி எடுத்தேன். ‘அவரோ வாரார் முல்லையும் பூத்தன’ என்று தொடங்குமே, அது. உறையூர் முதுகொற்றனார் பாடியது. கார்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. முல்லை பூத்துவிட்டது என்பது தலைவிக்கு எப்படித் தெரிகிறது? பாலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கூழை வாங்கிக்கொண்டு மந்தைக்குத் திரும்புகிற இடையன் தலையில் சூடியிருக்கிறானே, அத்தனையும் முல்லையின் சின்னப் பச்சை அரும்புகள். படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடையன்மேல்தான் கண் போகும். அவன் தன் வேலையைப் பார்க்கிறான். தான் ஒரு பெண்ணுக்குக் காலத்தைச் சொல்லிவிட்டுப் போகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது.

நம் முல்லைத் திணையில் இடையன் மாலையானால் மந்தையோடு திரும்பிவிடுகிறவன். வராதவன் வேறொருவன், வேந்தனுக்காகப் போருக்குப் போனவன். சோரியாவில் போகிறவனே இடையன். அவன் போனால் காலத்தைச் சொல்லவும் ஆள் இல்லை, மாலையில் திரும்பும் மணிச்சத்தமும் இல்லை. முல்லையின் ‘இருத்தல்’ இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் சோரியாவின் இருத்தலில் சத்தமே கிடையாது. அதனால்தானோ என்னவோ அவர்கள் துவைக்கும் கல்லில் சத்தமாகப் பாடினார்கள்.

சரி, போனவர்கள் என்ன பாடினார்கள்? இதுதான் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்த கேள்வி.

ஏழு மாதம் வீட்டைப் பிரிந்து, குடிசையில் படுத்து, ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவில் இருக்கிறவர்கள் காதல் பாட்டாகப் பாடித் தள்ளியிருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர்களுடைய மிகப் பேர்போன பாட்டைத் தேடிப்போனால் அது ஓநாயைப் பற்றிய பாட்டு. ‘லா லோபா பார்தா’, பழுப்பு ஓநாய். ஸ்பானிய இலக்கிய அறிஞர் ரமோன் மெனெந்தெஸ் பிதால் 1928-ல் வெளியிட்ட கதைப்பாடல் தொகுப்பில் இது இருக்கிறது. எக்ஸ்த்ரெமதூராவின் இடையர்களிடம் பிறந்து, ஆட்டுப்பாதைகள் வழியாகவே வடக்கே பரவிய பாட்டு என்பது அவர் கணிப்பு. ரபேல் என்ற சின்ன வில்வாத்தியத்தோடு பாடுவார்கள். இரண்டு மூன்று நரம்பு, சிலவற்றில் ஒன்றே ஒன்று. இடையர்கள் தாங்களே செய்துகொள்வது. கிறிஸ்துமஸ் இரவில் பாடுவது விசேஷம்.

கதை இப்படிப் போகும். இடையன் தன் குடிசையில் உட்கார்ந்து கைக்கோலில் சித்திரம் தீட்டிக்கொண்டிருக்கிறான். அறுமீன் உச்சிக்கு ஏறிவிட்டது, நிலா இறங்கிவிட்டது. ஆடுகள் அமைதியில்லாமல் நெளிகின்றன. ஏழு ஓநாய்கள் இருட்டுப் பாதையில் வருகின்றன, பட்டிக்குள் யார் நுழைவது என்று சீட்டுப் போட்டுக்கொண்டே. கால் கோணலான, நரைத்த, பழுப்புக் கிழட்டுப் பெண் ஓநாய்க்கு விழுகிறது. அதன் பல் கத்தி முனை போல. பட்டியை மூன்று சுற்று சுற்றுகிறது, ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த சுற்றில் வெள்ளைப் பெண்குட்டியைத் தூக்கிவிடுகிறது. ஈஸ்டர் ஞாயிற்றுக்கென்று முதலாளிமார் குறித்து வைத்திருந்த குட்டி.

இடையன் நாய்களைக் கூப்பிடுகிறான். ஏழு குட்டி நாய்கள், த்ருஹியோ ஊர்ப் பெட்டை நாய், கழுத்தில் இரும்பு முள்பட்டை கட்டிய நாய். த்ருஹியோ எக்ஸ்த்ரெமதூராவில் இருக்கும் ஊர். குட்டியை மீட்டுவந்தால் பாலும் ரொட்டியும், இல்லாவிட்டால் இந்தக் கோல்தான் உங்களுக்குச் சாப்பாடு என்கிறான். ஏழு காதம் கரடுமுரடான மலையில் நகம் தேய ஓடுகின்றன. ஒரு மேட்டில் ஓநாய் களைத்து நின்று, இந்தாருங்கள் உங்கள் குட்டி, கொண்டுபோன மாதிரியே நன்றாக இருக்கிறது என்கிறது. நாய்கள் சொல்கின்றன: உன் வாயில் பட்ட குட்டி எங்களுக்கு வேண்டாம். உன் தோல் வேண்டும், இடையனுக்குச் சட்டை தைக்க. உன் தலை வேண்டும், கரண்டி போட்டு வைக்கும் பையாக்க. உன் வால் வேண்டும், வார் அறுக்க. உன் குடல் வேண்டும், யாழுக்கு நரம்பு கட்ட, பெண்கள் ஆட.

பாட்டு அங்கே நின்றுவிடும்.

முதல் தடவை கேட்டபோது வேட்டைக் கதை என்று விட்டுவிட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் அந்தக் கடைசி வரி என்னைப் பிடித்தது. இவ்வளவு நீளமான பாட்டில் ஒரு மனுஷி கிடையாது. மனைவி இல்லை, காதலி இல்லை, அம்மாகூட இல்லை. இருப்பது ஆடு, நாய், ஓநாய், ஊரில் எங்கோ இருக்கும் முதலாளி. கடைசி மூச்சில், செத்த ஓநாயின் குடலை நரம்பாக முறுக்கி யாழில் கட்டிய பிறகு, பெண்கள் வருகிறார்கள். ஆட வருகிறார்கள். ஆகஸ்ட் திருவிழா அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நேராக நினைத்தால் தாங்காது என்பதால் ஓநாயைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்கிறான். ஆராய்ச்சியாளர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். நான் கேட்கிறவள், எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

சோரியா அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் அப்பா கோடை இரவுகளில் பிள்ளைகள் கேட்டால் இந்தப் பாட்டைப் பாடுவாராம். கடைசி வரி வந்ததும் மேஜையில் தாளம் தட்டி அதை மட்டும் இன்னொரு தடவை பாடுவார். அம்மா உடனே, “போதும், விடிகாலையில் எழுந்திருக்க வேண்டும்” என்று விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாராம். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “இத்தனை வருஷம் அது எங்களைத் தூங்கச் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

பாட்டின் தொடக்கத்தில் இடையன் கோலில் சித்திரம் தீட்டிக்கொண்டிருப்பதும் சும்மா வந்த விவரம் இல்லை. அந்த மாதங்களில் இடையர்கள் செதுக்கிக்கொண்டே இருந்தார்கள். மாட்டுக்கொம்பில் கிண்ணம், மரக்கரண்டி, நூல் நூற்கும் கதிர்க்கோல். அருங்காட்சியகங்களில் வரிசையாக வைத்திருப்பார்கள். பூ, நட்சத்திரம், பறவை, சிலவற்றில் ஒரு பெண்ணின் பெயர், எழுதத் தெரியாதவன் யாரையோ கேட்டுக் கீறியது போலக் கோணல் எழுத்தில். கதிர்க்கோல் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குக் கொடுப்பது. எழுத வராதவர்களின் கடிதம் அது. சோரியா அம்மாவுக்குக் கடிதம் வரவில்லை என்று மேலே எழுதினேன். காஸ்தனேத்தா வந்ததே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எக்ஸ்த்ரெமதூராவின் வடக்கு ஓரத்தில், லா வேரா என்ற பகுதியில் இன்னொரு கதைப்பாடல் இருக்கிறது. அதில் பெண் காத்திருப்பவள் இல்லை. மலைக்காட்டில் தனியாக வாழ்பவள், வழிப்போக்கர்களைக் குகைக்கு அழைத்துப்போய் விருந்து வைத்து, இரவு முடிந்ததும் கொன்றுவிடுவாள். கார்கந்தா லா ஒய்யா என்ற ஊர்க்காரர்கள் அவள் தங்கள் ஊர்ப்பெண் என்கிறார்கள். காதலன் கைவிட்டதால் அப்படி ஆனாள் என்பது கதை. 1613-ல் வெலெஸ் தே கெவாரா இதை நாடகமாகவே எழுதினார். பாட்டின் சில வடிவங்களில் அவள் வந்தவன் கையில் ஒரு ரபேலைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறாள். அவனை உறங்கவைக்க நினைத்தவள் தானே உறங்கிப்போகிறாள், அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தப்பி ஓடுகிறான். எத்தனையோ பேரைக் கொன்றவள் ஒருவன் ரபேல் வாசித்ததும் கண் அயர்ந்துவிடுகிறாள் என்றால் அவள் எவ்வளவு களைத்திருந்தாள்! ஊரார் அவளைப் பேய் போலச் சொல்கிறார்கள். எனக்கு அவள்மேல் பயம் வரவில்லை.

நவம்பரில் போனேன் என்று சொன்னேனே, அது ஒன்காலாவுக்கு. 1,300 மீட்டர் வாக்கில் உயரம், நூறு பேர்கூட இல்லாத ஊர். அங்கே இடையர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். சோரியா மாகாணம் முழுவதற்குமே இன்று ஜனத்தொகை ஒரு லட்சத்தைத் தொடாது. பக்கத்திலிருக்கும் சார்னாகோவில் கடைசியாக வாழ்ந்தவர் 1979-ல் போய்விட்டார். கம்பளியின் விலை விழுந்தது, 1960-களில் மேய்ச்சல் நிலங்களில் பைன் மரம் நட்டார்கள், பிள்ளைகள் சரகோசாவுக்கும் பார்சிலோனாவுக்கும் மாட்ரிட்டுக்கும் வேலைக்குப் போனார்கள். ஆடு போய்த் திரும்பிய ஊரில் மனிதர்கள் போய்த் திரும்பவில்லை.

இப்போது அந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். ஆகஸ்டில் சொந்த ஊருக்கு வந்து, பூட்டிய வீட்டைத் திறந்து, கூடிச் சாப்பிட்டு, ராத்திரி பாடுவார்கள். முன்பெல்லாம் இருந்தவர்கள் போகிறவர்களைப் பற்றிப் பாடினார்கள். இன்றைக்குப் போனவர்களே மலை இருண்டு கிடக்கிறது என்று பாடுகிறார்கள். சொல் ஒன்றுகூட மாறவில்லை. மெதுவாகப் பாடும் பழக்கம் இவர்களோடு வந்தது என்பது சோரியா அம்மாவின் கட்சி. துவைக்கும் வேலை இல்லாதவர்கள் இழுத்துப் பாடுவார்களாம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் குழுவிலும் இப்போது கொஞ்சம் வேகம் கூட்டிவிட்டோம்.

ஆடுகள் முழுக்க நின்றுபோகவில்லை. பெரும்பாலும் லாரியில் ஒரே இரவில் போய்விடுகின்றன. 1990-களில் ஹெஸுஸ் கார்ஸோன் என்ற இயற்கை ஆர்வலரும் அவரோடு சேர்ந்தவர்களும் மறுபடி கால்நடையாக ஓட்டிப்போகத் தொடங்கினார்கள். 1994-லிருந்து மாட்ரிட்டில் அதற்கு ஒரு விழா. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் நடுத்தெருவில் செம்மறிகள் வரும். 1418-ல் போட்ட ஒப்பந்தப்படி ஆயிரம் ஆட்டுக்கு ஐம்பது மரவேதி என்று பழைய நாணயத்தில் நகரசபைக்கு வரி கட்டுவார்கள். வெளிநாட்டுப் பயணிகள் ஆட்டைப் படமெடுப்பார்கள். நான் போகும்போது ஆட்டுக்குப் பின்னால் வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

நான் மன்னார்குடிப் பக்கம் வளர்ந்தவள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் ராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறி ஓட்டிக்கொண்டு வருவார்கள். வயலில் கிடை போட்டால் எருவுக்குச் சமம் என்பதால் எங்கள் தாத்தா நெல்லோ பணமோ கொடுத்து இத்தனை ராத்திரி என்று பேசி நிறுத்துவார். வலையைக் கட்டி ஆட்டை அடைத்துவிட்டு வரப்போரத்தில் சமைத்துச் சாப்பிட்டுப் படுப்பார்கள். சிலர் குடும்பத்தோடு வந்தார்கள், சிலர் வீட்டை ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள். சின்னப் பையன்களும் இருப்பார்கள், என் வயதில். அவர்கள் எப்போது ஊருக்குப் போவார்கள், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கூழோ சோறோ கேட்டால் கொடுத்தோம்.

கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி, திருவாடானைப் பக்கத்து வாசகர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிடை ஆட்டோடு போனவர்கள் வயல்வெளியில் பாடியதை நாட்டுப்புறவியல் படித்தவர்கள் தேடிப்போய்க் கேட்டிருப்பார்கள். எனக்கு வேண்டியது, அந்த மாதங்களில் ஊரில் இருந்த பெண்கள் என்ன பாடினார்கள் என்பது. கம்பு குத்தும்போதோ, தண்ணீருக்கு நடக்கும்போதோ, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போதோ. உங்கள் ஆச்சி, அப்பத்தா, அத்தை யாருக்காவது இரண்டு வரி ஞாபகம் இருந்தால் செல்போனில் பதிந்து அனுப்புங்கள். மெதுவாகப் பாடினார்களா, வேகமாகப் பாடினார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.